அணை கட்டுகிற மாப்பிள்ளை

குழாய் இரண்டு தரம் இருமியது, நீளமாக ஓர் ஏப்பம் விட்டது, அப்புறம் அடங்கிப்போனது. மாப்பிள்ளையின் வாய் நிறையப் பற்பசை நுரை.

குளியலறைக் கதவை யாரோ தட்டினார்கள். "உள்ள யாரு? ஆறு இருபது என்னோட டைம்!"

"ம்ம்," என்றான் மாப்பிள்ளை. நுரையோடு அதற்கு மேல் பேச முடியவில்லை.

"ம்ம்-னு ஒரு ஆளா? இந்த வீட்ல அப்படி யாரும் கிடையாதே!"

"புது மாப்பிள்ளையா இருக்கும். அவருதான் வாயைத் திறக்கமாட்டாரு," என்றது வரிசையில் இன்னொரு குரல்.

அவன் நுரையை விழுங்கிவிட்டுக் கதவைத் திறந்தான். துண்டும் சோப்பு டப்பாவுமாக வெளியே ஏழு பேர் நின்றார்கள்.

"தண்ணி நின்னுடுச்சு," என்றான்.

ஏழு பேரும் அவனைப் பார்த்தார்கள். தண்ணீர் தானாக நின்றிருக்கும் என்று அதில் ஒருவர்கூட நம்பியதாகத் தெரியவில்லை.

கல்யாணமாகி நான்கு மாதம். மனைவி வீட்டார் வருஷத்துக்கு ஒரு தடவை நான்கு நாள் லீவு போட்டு, எங்காவது ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, சொந்தபந்தம் அத்தனையும் ஒரே கூரைக்குக் கீழே கூடுவார்கள். "செம ஜாலியா இருக்கும்," என்று மனைவி சொல்லியிருந்தாள். விடுமுறை என்றால் அவன் மனசில் இருந்தது ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், பாதியில் நிற்கிற ஒரு புத்தகம். இங்கே நாற்காலியே கிடைக்கவில்லை. காலியாகத் தெரிகிற நாற்காலியில் யாருடைய துண்டாவது இடம் பிடித்து வைத்திருந்தது. புத்தகத்தை எடுத்தால், "போரடிக்குதா மாப்பிள்ளை?" என்று நான்கு பேர் சீட்டுக்கட்டோடு வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நேற்று மாலை வந்து இறங்கியதிலிருந்து அவன் மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். நடக்கிற ஆளை மட்டும்தான் அந்த வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, யார் யாரென்று தெரியாதது. வந்ததும் வாசலில் நின்ற ஒரு பெரியவரைக் காவல்காரர் என்று நினைத்து, இரண்டு பெட்டிகளையும் கையில் கொடுத்து, "பார்த்து, உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு," என்று சொல்லி மாடிக்கு அனுப்பிவிட்டான். அவரும் மூச்சு வாங்கக் கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி வந்து, "நான் உங்க மாமியாருக்குக் கூடப் பொறந்த அண்ணன், மாப்பிள்ளை," என்றார்.

அந்த நிமிஷமே அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இனி யாரையும் யாரென்று கேட்பதில்லை. மீசை இருந்தால் மாமா. மீசை இல்லாவிட்டால் சித்தப்பா. பெண்கள் எல்லாரும் அத்தை. இந்தச் சூத்திரம் இதுவரைக்கும் காலை வாரவில்லை.

தண்ணீர் நின்ற செய்தி மாடியிலிருந்து இறங்குவதற்குள் மாமனாரே மேலே வந்துவிட்டார். ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம்தான் அவரை விட்டதே தவிர, குரல் விடவில்லை. குளியலறை இரண்டுக்கும் ஒன்றாம் பிளாட்பாரம், இரண்டாம் பிளாட்பாரம் என்று பெயர் வைத்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே போய் எத்தனை மணிக்கு வெளியே வரவேண்டும் என்று கதவில் அட்டவணை ஒட்டியிருந்தார்.

"எல்லாரும் கவனிக்கவும்!" என்றார். "நேத்தே தண்ணி மெலிசாத்தான் வந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொன்னேன். காலையில ஆள் வருவான்னாரு. இப்ப அவரு போன் ஆஃப். விமானத்துல எங்கேயோ பறந்துக்கிட்டிருக்காராம்."

"அப்ப ஆள் வருவானா, மாட்டானா?" என்றது வரிசை.

"வருது வருதுன்னு எத்தனை வண்டிக்கு நானே அறிவிப்பு கொடுத்திருக்கேன்! எனக்குத் தெரியாதா?" மாமனார் திரும்பி, மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டார். "நமக்கென்ன கவலை? அணையே கட்டுறவரு நம்ம வீட்ல இருக்காரு. ஒரு குழாய்க்கு அடுத்தவன் கையை எதிர்பார்க்கணுமா?"

மாப்பிள்ளை அணை கட்டுகிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறான் என்பது நிஜம். அங்கே அவன் கம்ப்யூட்டரில் படம் வரைகிறான். அந்தப் படங்களில் தண்ணீர் நீல நிறத்தில் இருக்கும், சொன்ன இடத்தில் நிற்கும். வாழ்க்கையில் இதுவரை ஒரு குழாய்த் திருகைக்கூட அவன் கழற்றியதில்லை. அதைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தான். வரிசையின் கடைசியில் மனைவி நின்றிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பார்க்கிறேன் மாமா," என்றான்.

கீழே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரே களேபரம். அன்று காலையில் மட்டும் மூன்று வண்டிகளில் ஒன்பது பேர் புதிதாக வந்து இறங்கியிருந்தார்கள். மாமனாரின் அக்காவான பெரிய அத்தை, அறுபத்தெட்டு வயசு, வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் பிடித்து மேஜைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். "பேச்செல்லாம் அப்புறம். முதல்ல சாப்பிடு. எப்படி இளைச்சுப் போயிட்டே!" நூறு கிலோவுக்குக் குறையாத ஒருவரையும் பார்த்து அதையேதான் சொன்னாள்.

மாப்பிள்ளை டீயை நின்றபடி குடித்துவிட்டு மோட்டார் அறைக்குக் கிளம்பியபோது ஆறு பேர் கூடவே வந்தார்கள். ஆறு பேருக்கும் ஆறு யோசனை. மோட்டாரைத் தட்டு என்றார் ஒருவர். தட்டவே தட்டாதே என்றார் மற்றவர். இன்னொருவர் தன் நண்பரின் மோட்டார் வெடித்த கதையை ஆரம்பித்தார். அவன் தயங்கி நின்றபோது, மேஜை ஓரத்தில் வாயே திறக்காமல் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒல்லியான மனிதர் எழுந்தார்.

"நான் வேணா கூட வரட்டுங்களா?"

மீசை இல்லை. "நீங்க மட்டும் வாங்க சித்தப்பா, போதும்," என்றான் மாப்பிள்ளை.

அவர் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார். சூத்திரம் தப்பிவிட்டதோ, இவர் மாமாவோ என்று மாப்பிள்ளை அவர் மேலுதட்டை மறுபடி உற்றுப் பார்த்தான். ஆனால் அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, "சரி தம்பி," என்றார்.

எதற்கும் அவர் "சரி" என்றே சொன்னதால், மதியத்துக்குள் குழந்தைகள் அவருக்குச் 'சரி சித்தப்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் பெயர் வைப்பது லேசான விஷயமில்லை. எட்டு வயசில் கிணற்றில் விழுந்த ஒருவர், இன்று அறுபத்தொரு வயசில் பேரன் பேத்தி எடுத்த பிறகும் 'கிணத்து மாமா'தான். தன் கல்யாண போட்டோவில் கண் கலங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு இருபது வருஷமாக 'அழுமூஞ்சி அண்ணி'. அவள் சிரித்தாலும் அதே பெயர்தான்.

மோட்டார் அறை வீட்டுக்குப் பின்பக்கம் இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு மோட்டார், அதிலிருந்து பல திசைக்கும் ஓடும் குழாய்கள், வட்டப்பிடி வைத்த மூன்று வால்வுகள், அவற்றை இணைத்துச் சிலந்தி கட்டிய வலை. படிக்காத பாடத்தில் கேள்வித்தாள் வந்ததுபோல மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாடிக் குழாய்கள்தான் நின்றிருந்தன. மொட்டைமாடித் தொட்டியில் அடித்தண்ணீர் கொஞ்சம் இருந்ததால் கீழே சமையலறைக்கு இன்னும் வந்துகொண்டிருந்தது. இந்த மூன்றில் எதைத் திருகுவது? எதில் துரு அதிகமோ அதுதான் முக்கியமானது என்று அவனுக்குப் பட்டது. கை வைத்தான்.

"தம்பி, அது வந்து..." என்றார் சரி சித்தப்பா.

"இருங்க சித்தப்பா. இதெல்லாம் டெக்னிக்கல்."

"சரி."

பல்லைக் கடித்துத் திருகியதும் எங்கோ சளசளவென்று தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. "வந்துருச்சு! கேட்டீங்களா?" என்று மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அடுத்த நொடி தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஓர் அலறல்.

அவன் திறந்துவிட்டது, தொட்டி கழுவும்போது அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுகிற குழாயை. அது போய் முடிகிற இடத்தில் மச்சினன் தன் புதுக் காரை நிறுத்தியிருந்தான். வீட்டுக்குள் படுக்க இடமில்லாததால் காரின் கூரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தூங்கிக்கொண்டும் இருந்தான். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் மச்சினன் மேல் இறங்கிவிட்டது.

"அத்தான்," என்றான் அவன், காதிலிருந்து தண்ணீர் ஒழுக. "உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

இப்போது சமையலறையிலும் தண்ணீர் இல்லை.

மாமனார் அவனைத் திட்டவில்லை. "பரவாயில்ல. தொழில்ல இதெல்லாம் சகஜம்," என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. எப்படியாவது அதைச் சரிக்கட்ட வேண்டும். தெருமுனையில் ஒரு பொதுக்குழாய் இருப்பதை நேற்றே நடந்து நடந்து பார்த்து வைத்திருந்தான். அங்கிருந்து மொட்டைமாடி வரைக்கும் ஆட்களை வரிசையாக நிறுத்தினால்? காகிதத்தில் கணக்குப் போட்டான். ஆளுக்கு இத்தனை அடி, வாளிக்கு இத்தனை லிட்டர். நூறு வாளி ஊற்றினால் தொட்டி நிரம்பிவிடும். காகிதம் என்று வந்தால் அவனை அசைக்க முடியாது.

வரிசை நின்றது. மாமனார் எங்கிருந்தோ ஒரு விசிலை எடுத்து மாடிப்படியில் நின்றுகொண்டார். "வாளி எண் நாற்பத்தொன்று மாடிப்படியை வந்தடைந்தது! நாற்பத்திரண்டு பத்து நிமிடம் தாமதம்! அழுமூஞ்சி, வாளியை வச்சுக்கிட்டு அங்க என்ன பேச்சு?"

நடுவில் சரி சித்தப்பா வரிசையை விட்டு மாப்பிள்ளையிடம் வந்தார். "தம்பி, அந்த வால்வு இருக்குல்ல..."

"சித்தப்பா, வரிசை உடையுது! உங்க இடத்துக்குப் போங்க!"

"சரி," என்று அவர் திரும்பிப் போய், இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் நின்று வாளி மாற்றினார். குழந்தைகள் வேண்டுமென்றே அவர் காலில் தண்ணீரைத் தளும்பவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் முதல் தடவை நனைந்த மாதிரியே துள்ளினார்.

நூறாவது வாளியும் ஊற்றியாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். வயசுக்கு மரியாதை கொடுத்து முதல் குளியல் பெரிய அத்தைக்கு ஒதுக்கப்பட்டது. மேலேயிருந்த குழாயில் அரை வாளி வந்தது. அத்தை தலையை நனைத்தாள், ஷாம்பூவைக் கொட்டித் தேய்த்தாள், மறுபடி குழாயைத் திறந்தாள்.

குழாய் ஒரு தரம் இருமியது, அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்ப நான் என்ன பண்ணணும்?"

அதே சமயம் ஒரு சின்னப் பெண் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். "தாத்தா! தோட்டத்துல மட்டும் மழை பெய்யுது!"

துருப்பிடித்த வால்வை அவன் மூடவே இல்லை. காலையில் தண்ணீர் நின்றது வால்வினால் அல்ல, மோட்டார் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றாததால். நூறு வாளியும் மேலே போய், காலையில் போன வழியே தோட்டத்துக்கு இறங்கியிருந்தது.

குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டில்களைக் கொண்டு பெரிய அத்தையின் தலையை அலசினார்கள். பதினோரு பாட்டில் ஆயிற்று. பிறகு அவள் துண்டு கட்டிய தலையோடு வந்து உட்கார்ந்து, "ஒண்ணும் பரவாயில்ல மாப்பிள்ளை, கண்ணு மட்டும்தான் எரியுது," என்றாள். ஜன்னலுக்கு வெளியே குழந்தைகள் பெயர் தேடிக்கொண்டிருப்பது அவன் காதில் விழுந்தது.

"நுரை மாமா?"

"சீச்சி. மழை மாமா?"

"இரு, இன்னும் ஏதாச்சும் பண்ணுவாரு. பார்த்துட்டு வைக்கலாம்."

அன்று மாலை குடும்பப் போட்டோ எடுத்தார்கள். மாமனார் வயசுப்படி எல்லாரையும் படிக்கட்டில் நிறுத்தினார். மச்சினனின் நனைந்த கார் பின்னால் தெரிந்தது. மாப்பிள்ளை ஓரமாக, முடிந்தால் படத்திலிருந்து விழுந்துவிடக்கூடிய இடமாகப் பார்த்து நின்றான். அவனுக்கும் ஓரத்தில் சரி சித்தப்பா நின்றார்.

"நீ என்னய்யா வேலிக்கு வெளியே நிக்கிறே? உள்ள வா, உள்ள வா!" மாமனார் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே நிறுத்தி, தோளில் கையும் போட்டுக்கொண்டார். கேமரா சொடுக்கியதும் சரி சித்தப்பா கண்ணைத் துடைத்தார்.

"என்னாச்சு?" என்றான் மாப்பிள்ளை.

"தூசி தம்பி."

மறுநாள் காலையிலும் ரிப்பேர் ஆள் வந்ததாகத் தெரியவில்லை. "வரட்டும் அவன், இருக்கு அவனுக்கு! கொடியைக் காட்டாம நிறுத்தி வைக்கிறேன்!" என்று மாமனார் மேஜையைத் தட்டினார். மேஜையைச் சுற்றி எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தண்ணீரே படாத முகங்கள். மச்சினனின் பூப்போட்ட சட்டையில் சரி சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் யார் துணி யார் மேல் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் செருப்பையே நேற்றிலிருந்து காணோம்.

மாப்பிள்ளை விடியும் முன்பே எழுந்து, மோட்டார் பழுது பார்ப்பது எப்படி என்று போனில் பதினான்கு வீடியோ பார்த்திருந்தான். பதினான்கும் பதினான்கு விதமாகச் சொன்னாலும், கடைசி வீடியோக்காரர் ரொம்பத் தன்னம்பிக்கையாகப் பேசினார். அவரை நம்பி மோட்டார் அறைக்குப் போய் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தான். சரி சித்தப்பா கேட்பதற்கு முன்பே ஸ்குரூடிரைவரை நீட்டினார். சிவப்பு வயரைக் கழற்றி மஞ்சள் இருந்த இடத்தில் வைக்கப்போனான்.

"தம்பி..."

"வீடியோவுல அப்படித்தான் சித்தப்பா காட்டினாங்க."

"சரி," என்று சித்தப்பா இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

டப்!

அறையில் ஒரு நீல வெளிச்சம் வந்து போனது. வீட்டுக்குள் மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்து நின்றன. ஒரு மணி நேரத்தில் போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக உயிரை விட்டன. பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல் போகவே, அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

"ஒண்ணு ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்," என்றார் கிணத்து மாமா. "நான் கிணத்துல தானா விழல. யாரோ தள்ளிவிட்டாங்க."

கூடத்தில் எல்லாருடைய கண்ணும் மெதுவாக அவர் அக்காவான பெரிய அத்தையிடம் போய் நின்றது.

"அம்பத்துமூணு வருஷம் ஆச்சு," என்றாள் அத்தை. "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"அப்ப நீதான்!"

"என் பொம்மையை நீ முதல்ல உள்ள போட்டியா இல்லையா?"

"பொம்மைக்காக ஆளைப் போடுவியா?"

அவ்வளவுதான். பொம்மைக் கட்சி ஒன்றாம் பிளாட்பாரத்துக்கு முன்னாலும், கிணத்துக் கட்சி இரண்டாம் பிளாட்பாரத்துக்கு முன்னாலும் கூடிவிட்டது. மாமனார் எவ்வளவோ அறிவிப்பு கொடுத்துப் பார்த்தார். யாரும் வண்டி ஏறுவதாக இல்லை. சரி சித்தப்பா மட்டும் இரண்டு பக்கத்துக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு பக்கத்துக் கதையையும் முழுசாகக் கேட்டு, இரண்டு பக்கமும் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை அறைக்குப் போய் பெட்டியில் துணியைத் திணித்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி, வாசலை அடைத்து நின்றுகொண்டு.

"ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. அவசரம். அணையில ஏதோ விரிசலாம்."

"எந்த போன்ல வந்துச்சு? எல்லார் போனும் செத்துக் கிடக்கு."

அவன் சட்டையை மடிப்பதுபோல் பாவனை செய்தான்.

"போகணும்னா போங்க," என்றாள் அவள். "ஆனா இந்த வீட்ல பேரு வச்சா வச்சதுதான். ஓடிப்போன மாப்பிள்ளைன்னு வைப்பாங்க. நமக்குப் பொறக்கப்போற பிள்ளையைக்கூட அப்படிச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவாங்க. நான் என்ன, அணையா கட்டித் தரச் சொன்னேன்? நாலு நாள் எங்க ஆளுங்களோட இருங்கன்னேன்."

அவன் பெட்டியை மூடிப் பூட்டினான். அவள் விலகிக்கொண்டாள். முன்வாசல் வழியாகப் போனால் இரண்டு கட்சியையும் கடக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, பின்பக்கமாக இறங்கினான்.

மோட்டார் அறை வாசலில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் சரி சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளிருந்து வரும் கூச்சலை, ரேடியோவில் பாட்டு கேட்பவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்பிட்டீங்களா தம்பி?"

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "சித்தப்பா, உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்றேன். எனக்கு மோட்டாரும் தெரியாது, பைப்பும் தெரியாது. நான் கட்டின அணையெல்லாம் கம்ப்யூட்டர்லதான். அதுல தப்பு பண்ணா அழிக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்கும். இங்க அது இல்ல. நான் கை வச்சதெல்லாம் நாசமாப் போகுது. அம்பத்துமூணு வருஷம் ஒண்ணா இருந்த அக்கா தம்பியைப் பிரிச்சுட்டேன்."

"போய் என்ன பண்ணப்போறீங்க?"

"நாற்காலியில உட்காருவேன்."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல. தனியா."

"அது நல்லா இருக்காது தம்பி," என்றார். "நான் உட்கார்ந்து பார்த்திருக்கேன்."

உள்ளே பெரிய அத்தையின் குரல் உச்சத்துக்குப் போனது. "பொம்மைக்கு ஒரு கண்ணுதான் இருந்துச்சுன்னா அது பொம்மை இல்லையா?" சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து ஒரு பெருமூச்சு விட்டார். பூப்போட்ட சட்டையின் பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து, ஆணியில் மாட்டினார். ரொம்ப நிதானமாக, அவசரமே இல்லாத ஆள் மாதிரி, மோட்டார் அறைக்குள் குனிந்து நுழைந்தார்.

முதலில் சுவிட்சுப் பெட்டியில் வயர்களை இடம் மாற்றி, சுவரில் விழுந்து கிடந்த மெயின் சுவிட்சை மேலே தள்ளினார். வீட்டுக்குள் மின்விசிறிகள் சுழலும் சத்தம் வந்தது. அப்புறம் மோட்டாரோடு குழாய் சேருகிற மூட்டைக் கழற்றினார். உள்ளே கிழிந்து கிடந்த ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து எறிந்தார். கையில் வைத்திருந்தது புத்தம்புதிய வளையம். பொருத்தி, முறுக்கி, மேலே ஒரு மூடியைத் திறந்து இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றி மூடினார். துருப்பிடித்த வால்வை எதிர்ப்பக்கம் இறுகத் திருகினார். சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் சீராக உறுமியது. தலைக்கு மேலே, தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை.

மாப்பிள்ளை வாயைத் திறந்தவன் மூடவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒரு கூவல். அடுத்து இன்னொன்று. கதவுகள் அடித்துத் திறந்தன, குழந்தைகள் தடதடவென்று படியில் ஓடினார்கள். "எல்லாரும் கவனிக்கவும்! இரண்டு பிளாட்பாரத்திலும் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது! எங்க மாப்பிள்ளை? எங்க போனாரு நம்ம மாப்பிள்ளை?" என்று மாமனாரின் குரல் தெருவுக்கே கேட்டது. "டேய் கிணத்தான், முதல்ல நீ போய்க் குளிடா, அப்புறம் சண்டை போடலாம்!" என்றாள் பெரிய அத்தை. "நீ போக்கா, உனக்கு இன்னும் தலையில ஷாம்பூ இருக்கு," என்றார் கிணத்து மாமா. மாடி ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. ஈர முகம். அவள் கீழே பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மாப்பிள்ளை பெட்டியைக் காலால் மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினான்.

"சித்தப்பா!" என்றான். சந்தோஷத்தில் அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டா ரெண்டு நாளா என் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தீங்க? நான் பாட்டுக்கு ஊரையே நனைச்சுக்கிட்டிருக்கேன்! அஞ்சு நிமிஷ வேலை! முதல்லயே பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவர் பழந்துணியில் கையைத் துடைத்தபடி, தண்ணீர்ச் சத்தத்துக்கும் மேலாக வீட்டுக்குள்ளிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் என்னை அனுப்புன நேத்துக் காலையிலேயே முடிச்சிருப்பேன் சார்," என்றார். "முடிச்சதும் கிளம்பச் சொல்லிடுவீங்களே!"